வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடம்

முதல் நாள்: செம்மஞ்சேரி

காலை ஏழு மணிக்கே சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டிவிட்டோம். நான், என்னோடு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர், கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர், ஒரு டெம்போ டிராவலர். இந்தப் பருவத்து ஸ்டுடியோவுக்கு, அதாவது வடிவமைப்புப் பாடத்துக்கு, நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் இடப்பெயர்வு. ஓர் ஊரைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும்போது வீட்டோடு எது கூட வருகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நாள் பயணம். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுவதாக இருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடலோரக் குப்பங்களுக்காகச் செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். கடலோரத்துப் பட்டினப்பாக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? மீனவர்களில் பலர் வரவே இல்லை. வந்தவர்களிலும் பலர் கரைக்கே திரும்பிவிட்டார்கள். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் அப்படி எழுந்ததுதான். 2000-த்தில் கண்ணகி நகர் வந்த பிறகு நிலைமை மாறியது. செம்மஞ்சேரி, எழில் நகர், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம் என்று ஏழைகளின் வீடு நகரத்துக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. 2021-இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றானது.

கண்ணகி நகர் பற்றிக் கேரன் கொய்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வை மாணவர்கள் வண்டியிலேயே படித்துக்கொண்டு வந்தார்கள். கொய்லோ அப்போது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர்கள் கேட்டது பிழைப்பைப் பற்றி: இங்கே வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது, அது எப்படிப்பட்ட வேலை, குடும்பம் எதை வைத்து ஓடுகிறது. கட்டடம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பத்து மணிவாக்கில் ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தை அளக்க ஆரம்பித்தார்கள். மாடிப்படிக்கு அடியில் ஓர் அம்மா இட்லி விற்றுக்கொண்டிருந்தார். இட்லிக் குண்டான், எவர்சில்வர் டப்பாவில் சட்னி, உட்கார ஒரு பெயின்ட் வாளி. அவர் தலைக்கு மேலே மின் மீட்டர்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போன மாணவியிடம், "உள்ள இன்னாத்த அளக்கற பாப்பா? அங்க படுக்கத்தான் இடம். பொழப்பு பூரா இங்கதான நடக்குது" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போய் அறையை அளந்தாள்.

இரவு லாட்ஜில் வரைபட ஷீட்களை விரித்துப் பார்த்தோம். சுவர்கள் தடித்த கறுப்புக் கோட்டில் சுத்தமாக வந்திருந்தன. இட்லிக் குண்டான் இருந்த இடம் வெறும் வெள்ளை. நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேம், நாளைக்கு ஒருதடவை திரும்பப் போகலாமா?" என்று கேட்டாள். போக நேரமில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: தரங்கம்பாடி போகும் வழி

கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம். சீர்காழியில் டீ. வழி பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

சிதம்பரம் தாண்டியதும் மாணவர்களிடம் இருபது வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

2005 தொடக்கத்தில் நான் மூன்றாம் ஆண்டு மாணவி. சுனாமி அடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து முப்பது பேரைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். மக்கள் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்தார்கள். கறுப்புத் தார் அட்டையை வளைத்து அடித்த கொட்டகைகள். காலை பத்து மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. வெளியே உட்கார நிழல் கிடையாது. தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

கையில் நான்கு பக்கப் படிவம். குடும்பத்தில் எத்தனை பேர், சுவர் என்ன, கூரை என்ன, கழிப்பறை உண்டா, சேதம் எவ்வளவு. ஓர் அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "வாசல்ல ஒரு பூவரசு நிக்குது. அலையிலயும் சாயாம தப்பிச்சிருச்சு. அதையும் எழுதிக்க தங்கச்சி" என்றார். நான் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். "அதுக்கு இடமில்லக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

அவர் பெயரை நான் தனியாகக் குறித்து வைக்கவில்லை. படிவத்தில் இருந்தது. பயணத்துக்கு முன்னால் கல்லூரியில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் படிவங்கள் எங்கே போயின என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. முப்பது மாணவர்கள் வெயிலில் அலைந்து எழுதியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொறுமையாகச் சொன்னதும் எந்த அலமாரியிலும் இல்லை.

வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள்: தரங்கம்பாடி

டேனிஷ் கோட்டையை விடியலில் பார்த்தோம். 1620-இல் கட்டியது. பக்கத்தில் கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில். ஊருக்குள் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாங்கள் தேடி வந்தது மீனவர் குடியிருப்பை.

சுனாமிக்குப் பிந்தைய வீடுகளைப் புரிந்துகொள்ள 200 மீட்டர் என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, கடல் ஏற்றக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் வந்து நிற்கும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு இரண்டு வழி வைத்தது. உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் புது வீடு இலவசம். இருந்த இடத்திலேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. காகிதத்தில் அது விருப்பத் தேர்வு. கூரை போன குடும்பத்துக்கு அதில் என்ன விருப்பம்? காலியாகிற கரை வேறு யார் கைக்குப் போகுமோ என்ற பயமும் எல்லாக் குப்பங்களிலும் இருந்தது.

கட்டும் பொறுப்பைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிடம் விட்டது அரசு. 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கான்கிரீட் வீடு, அதே பிளான், வரிசை வரிசையாக. தரங்கம்பாடியிலும் பக்கத்துச் சின்னங்குடியிலும் நடந்தது வேறு. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கே கட்டும் பொறுப்பை ஏற்றது. குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன லாரி பேக்கரோடு வேலை செய்த கேரளக் கட்டடக் கலைஞர் பென்னி குரியாக்கோஸ் வடிவமைத்தார். ஒரே பிளானை அச்சடிக்காமல் குடும்பங்களிடம் பேசிப் பல வகை வீடுகளாகப் போட்டார்கள். அந்த அவசரத்தில், நன்கொடை கொடுத்தவர்களும் அதிகாரிகளும் தேதி குறித்து நெருக்கிய நேரத்தில், உட்கார்ந்து பேசுவதற்கு ஒதுக்கிய நாட்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாடம் நடத்தும்போது வடிவத்தை மட்டும் ஸ்லைடில் காட்டிவிட்டு அந்த நாட்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

ஒரு வீட்டு வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் மாணவன் ஒருவன் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று கேட்டான். அவர் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை. "எந்த மாசத்துக்குக் கேக்குற தம்பி?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கொண்டல் காற்று கடலிலிருந்து வரும், உடம்புக்கு நல்லது, ஆனால் உப்பைக் கொண்டுவந்து கம்பியில் பூசிவிடும். கச்சான் தரையிலிருந்து வரும் சூட்டுக் காற்று, அந்தப் பக்கம் சின்னதாக வைத்தால் போதும். வாடைக்கு மழையும் சேர்ந்து வரும், சன்ஷேடு கை நீளமாவது இருக்க வேண்டும். தெற்கிலிருந்து சோழகம் வீசும்போது ராத்திரியில் கதவைத் திறந்துபோட்டுப் படுக்கலாம். மாணவன் நோட்டில் வட்டம் போட்டு நான்கு அம்புக்குறி வரைந்தான். பெரியவர் எட்டிப் பார்த்து, நாலுக்கும் பேரை எழுதச் சொன்னார். எழுதிய பிறகுதான் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் துறையில் காற்றின் திசைக்கு வானிலை நிலையத்துத் தரவைப் பதிவிறக்கிப் படம் போடுகிறோம். அதுவும் வேண்டும். ஆனால் எந்தக் காற்று கம்பியைத் தின்னும் என்று அந்தப் படம் சொல்லாது.

சாயங்காலம் ஒரு அக்கா வீட்டில் டீ கொடுத்தார். வீட்டுப் பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கிறது. சுனாமி வீடுகளில் அப்படித்தான் கொடுத்தார்கள். "எம்பேரு ஒரு பத்திரத்துல வந்தது அதுதான் மொத தடவ" என்று சொல்லிப் பத்திரத்தின் நகலை எடுத்து வந்து காட்டினார். மாணவிகள் மூன்று பேரும் அந்தக் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்கள்.

நான்காம் நாள்: நாகப்பட்டினம்

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். சுனாமி கடுமையாக அடித்த மீனவர் ஊர்கள். இந்தப் பெயர்களை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. இருபது வருஷம் கழித்து வருகிறேன்.

துறைமுகம் பரபரப்பாக இருந்தது. விசைப்படகுகளின் நீல, பச்சை வரிசை, ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம். கடலிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புக்குப் போனால் அமைதி. தெருக்கள் நேர்கோட்டில் இருக்கின்றன. வீடுகளில் பாதிக்கு முன்னால் தகரச் சார்பு இறக்கியிருக்கிறார்கள். சன்ஷேடுகளில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. தண்ணீரிலும் காற்றிலும் உப்பு இருக்கிற ஊரில் அவசரக் கான்கிரீட்டுக்கு வரும் வியாதி இது.

எனக்கு வெயில்தான் பெரிதாகத் தெரிந்தது. ஜெனிஃபர் டுயின் பாரென்ஸ்டைன் என்ற மானுடவியலாளர் சுனாமிக்குப் பிந்தைய தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் தொடர்ந்து ஆய்வு செய்து எழுதியவர். ஒப்பந்ததாரர்களை வைத்துக் கட்டிய பல இடங்களில், வேலை சுலபமாக நடக்க வேண்டும் என்று நிலத்தை மட்டமாக்கச் சொன்னார்கள், அலைக்குத் தப்பிய வீடுகளைக்கூட இடிக்க வைத்தார்கள், மரங்களை வெட்ட வைத்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மரம் போனால் நிழல் மட்டுமா போகிறது? பெண்கள் உட்கார்ந்து பேசும் இடம், பிள்ளைகளுக்குத் தூளி, வலை பொத்தும் இடம், வேப்பங்கொட்டை, தென்னை ஓலை, எல்லாம் போகின்றன. அதைப் படித்த அன்றுதான் பூவரசு அக்கா எனக்கு என்ன சொன்னார் என்பது உறைத்தது. படிவத்தில் மரத்துக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், அந்தக் கணக்கு யாராவது ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போயிருந்தால், ஒரு பத்து மரமாவது நின்றிருக்குமோ? இந்தக் கேள்வியை நான் மாணவர்கள் முன்னாலேயே கேட்டுக்கொண்டேன்.

அந்த அக்காவை விசாரித்தேன். பெயர் தெரியாமல் பூவரசு மரத்தைச் சொல்லி ஒருவரைத் தேட முடியுமா? "எல்லா வாசல்லயும்தான் பூவரசு நின்னுச்சு" என்றார்கள்.

ஒரு சந்தில் ஆயா ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். சுய உதவிக் குழுவில் ரொம்ப நாள் இருந்தவராம். பேச்சு வீட்டைப் பற்றி வந்ததும் உள்ளேபோய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். துருவேறிய பிஸ்கட் பெட்டி. அதில் ரேஷன் கார்டு, நிவாரண டோக்கன்கள், பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்த ஒரு தாள். விரித்தால் வீட்டுப் பிளானின் நகல். 2005-இல் ஒரு கூட்டத்தில் கொடுத்து, உங்களுக்கு எது எங்கே வேண்டும் என்று குறியுங்கள் என்றார்களாம். அடுப்படியைப் பின்பக்கத்துக்கு மாற்றி நீலப் பேனாவில் ஒரு கட்டம். கொல்லையில் மீன் கழுவ ஒரு வட்டம். அதிலிருந்து வெளியே தண்ணீர் போக ஒரு கோடு. மடிப்பு விழுந்த இடங்களில் மை கரைந்து பரவியிருந்தது.

"அப்படியே கட்டுனாங்களா ஆயா?"

"எங்க கட்டுனாங்க! இந்தத் தாள அவங்க வாங்கிட்டே போகலியே. கூட்டம் முடிஞ்சதும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் அடுப்படி முன்பக்கம்தான் இருக்கிறது. புகை கூடத்துக்குள் வருகிறது என்று பத்து வருஷத்துக்கு முன் பின்னால் ஒரு கீற்றுச் சார்பு போட்டு அடுப்பை அங்கே மாற்றிவிட்டார். நீலப் பேனாவில் குறித்த அதே இடம்.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். எங்களில் ஒரு மாணவனுக்குக் கான்கிரீட் மேல் கோபம் வந்துவிட்டது. கீற்று வீடு எவ்வளவு குளிர்ச்சி, அதையே திருத்திக் கட்டியிருக்கலாமே என்றான். ஆயாவின் மருமகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், உடனே குறுக்கிட்டார். "கஜா அன்னைக்கு ராத்திரி நீங்க இங்க இருந்திருக்கணும் தம்பி. கீத்துல இருந்தவங்கல்லாம் ஓடியாந்து இந்த வீட்டுக்குள்ளதான் நின்னாங்க. இருபது பேரு. இந்தத் தளம் மட்டும் இல்லேன்னா?" 2018 நவம்பர் 16. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல். மருமகளுக்கு மேலே கான்கிரீட் தளமும் வேண்டும், பின்னால் கீற்றும் வேண்டும், வாசலில் மரமும் வேண்டும். மூன்றும் சேர்ந்த வீட்டைக் கேட்கிறார். அதை வரையத் தெரியாதது எங்கள் குறை.

மாலையில் கரையோரம் நடந்தோம். விட்டு வந்த பழைய வீடுகள் சிலவற்றை வலையும் இன்ஜினும் வைக்கும் கொட்டகையாக வைத்திருக்கிறார்கள். பொருளைக் கடலோரம் வைத்துவிட்டு ஆள் மட்டும் உள்ளே போய்த் தூங்குகிறார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு முகவரி. இடம்பெயர்ந்தார்கள் என்று ஆய்வுகளில் ஒற்றை வார்த்தையில் எழுதிவிடுகிறோம். இங்கே அது தினமும் காலையும் மாலையும் நடக்கிறது.

ஐந்தாம் நாள்: நாகப்பட்டினம்

நேற்று எழுதியதில் விட்டுப்போனது ஒன்று. கிளம்பும்போது நான் ஆயாவிடம், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். "கருவாடு காயப்போட ஒரு மேடை. நாய் ஏறாத ஒசரம். பக்கத்துல உக்கார நெழலு" என்றார். தெருமுனையில் காலியாக ஒரு பொது இடம் கிடக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தார் அனுமதித்தால் செய்யலாம் என்றும் சொன்னார். காலையில் பஞ்சாயத்தாரைப் பார்த்தோம். வரைந்து காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். அது நியாயம்.

மாணவர்களைத் தாளை எடுக்க வேண்டாம் என்றேன். கடையில் ஐந்து கிலோ கோலமாவு வாங்கினோம். அந்த மணலிலேயே நிஜ அளவில் மேடையைக் கோடு போட்டார்கள். பத்தடிக்கு ஆறடி. நிழல் கூரைக்கு நான்கு கால், நான்கு புள்ளி. ஏறுவதற்கு ஒரு படி.

பெண்கள் அன்னக்கூடையோடு வந்து கோட்டுக்குள் நின்று பார்த்தார்கள். ஒருவர் குனிந்து மீனைப் பரப்புவது போலக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஆறடி அகலத்தில் நடுவில் கை எட்டாது என்றார். நாலடியாக்கினோம். இன்னொருவர் படியில் ஏறும் இடத்தில் நின்று, தலையில் கூடையோடு ஏறினால் கூரை இடிக்கும் என்றார். புள்ளிகள் நகர்ந்தன. முதல் நாள் செம்மஞ்சேரியில் அறையை அளந்த மாணவி இன்று ஒரே ஒரு ஷீட்தான் போட்டாள். அதில் மேடை மெல்லிய கோடு. மற்றபடி முழுக்க வெளி: எந்தப் பெண் எங்கே உட்கார்ந்தார், கூடை எங்கே இருந்தது, பதினொரு மணிக்குச் சுவர் நிழல் எதுவரை வந்தது, நாய்கள் எந்தச் சந்திலிருந்து வந்தன. நான்கு வருஷத்தில் அவள் போட்டதிலேயே இதுதான் நல்ல வரைபடம். அவளிடமும் சொன்னேன்.

கடைசியாக ஆயா வந்தார். மேடையை ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு வலது காலால் கிழக்குப் பக்கத்துக் கோட்டை அப்படியே தேய்த்து அழித்துவிட்டு, தள்ளி வேறொரு இடத்தில் குதிகாலை ஊன்றிப் புதுக் கோடு இழுத்தார். "கச்சான்ல நாத்தம் அந்த வூட்டுக்குள்ள போவும். சண்டை வரும்." மாணவன் டேப்பை வைத்தான். இரண்டரை அடி. எழுதிக்கொண்டான்.

மதியம் அந்த ஷீட்டைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் மூன்று நகல் எடுத்தோம். ஒன்று பஞ்சாயத்தாருக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று ஆயாவுக்கு. எங்கள் பருவத் தேர்வு ஏப்ரலில் முடிந்து மே மாதம் விடுமுறை விடுவார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பதும் ஊர்க்கூட்டம் கூடுவதும் அப்போதுதான். எங்களைப் போன்ற கல்லூரிக்காரர்கள் இத்தனை வருஷமாக அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டே இங்கே வந்திருக்கிறார்கள். மே மாதம் வருகிறோம் என்று ஆயாவிடம் சொல்லி, யார் யார் வருவோம் என்று பெயரும் எழுதிக் கொடுத்தோம். இந்த முறை அவர் பெயரும் அவர் தெருவில் பேசிய எல்லோர் பெயரும் என் நோட்டில் இருக்கின்றன.

ஆயா நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெட்டியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மாணவியின் பையிலிருந்து பேனாவை உருவினார்.

"இதுல மீன் கழுவுன தண்ணி எங்க போவும் பாப்பா?"

நாங்கள் வடிகாலை வரையவே இல்லை. டிரைவர் கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்தார். அரை மணி நேரம் பொறுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு, வாசல் திண்ணையில் ஷீட்டைத் திரும்பவும் விரித்தோம்.